ஒற்றைக் கையால் பற்றவைக்கும் அடுப்பு

இடது மணிக்கட்டு உடைந்து கூடியதிலிருந்து எனக்கு அந்தக் கை பெயருக்குத்தான் இருக்கிறது. கீரை உருவும், தட்டைத் தாங்கும், முந்தானையைப் பிடிக்கும். அழுத்தித் திருகு என்றால் மாட்டேன் என்கிறது. கேஸ் அடுப்பில் ஒரு கை குமிழை அழுத்தித் திருக வேண்டும், மறு கை லைட்டரைத் தட்ட வேண்டும். அது இரண்டு கை வேலை என்பதே கை போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாதவரத்தில் இருக்கும் என் மகன் அதற்காகவே ஓர் ஆட்டோமேட்டிக் அடுப்பு வாங்கிவந்து வைத்தான். மேலே கண்ணாடி, மூன்று பர்னர். குமிழை அழுத்தித் திருகினால் அடியில் டக்டக்கென்று சத்தம் வரும். ஒவ்வொரு பர்னருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி நிற்கிறது. அதன் நுனியிலிருந்து நீலப் பொறி பாயும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். வலது கை ஒன்றே போதும். திருவொற்றியூரில் கடலைப் பார்த்த தெருவில், என் வீட்டுக்காரர் ஹார்பர் சம்பளத்தில் கட்டிய இந்த வீட்டில், அவர் போன பிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன். காலையில் டீ, மதியத்துக்குச் சோறும் ஒரு மீன் குழம்பும், ராத்திரிக்கு அதே குழம்பு. யாரையும் எதற்கும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன மழை முடிந்த கையோடு அடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் டக்டக் சத்தம் சோர்ந்தது, பிறகு நின்றே போயிற்று. அடியில் செல் போடும் இடத்தைத் திறந்து பார்த்தேன். தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தை வைத்துச் சுரண்டிவிட்டுப் புது செல் போட்டேன். சத்தம் திரும்பி வந்தது. நெருப்பு மட்டும் வரவில்லை.

ஜன்னலைச் சாத்தி, சமையல்கட்டை இருட்டாக்கி, சிலிண்டரை மூடிவிட்டுக் குமிழை அழுத்திப் பார்த்தேன். பொறி பாய்ந்தது. ஆனால் பாய வேண்டிய நுனியில் பாயவில்லை. ஊசியின் காலடியில், கீழே எங்கேயோ, திருட்டுத்தனமாக மினுக் மினுக் என்று வந்துகொண்டிருந்தது.

அடுப்போடு வந்த அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று வெகுநேரம் அலைக்கழித்தபின் ஒரு பெண் வந்தாள். தமிழ்தான் பேசினாள். ஆனால் எதையோ பார்த்து வாசிப்பதுபோல் பேசினாள். அந்த மாடல் இப்போது வருவதில்லையாம், அதற்குச் சாமான் கிடையாதாம், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாமாம். ஊசிதான் வேண்டும் என்றேன். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

அன்றைக்கு மதியம் பசி. பழைய லைட்டரை எடுத்தேன். குமிழைத் திருகி, அந்தக் கையை எடுத்து, அதே கையால் லைட்டரைத் தேடி எடுப்பதற்குள் கேஸ் பரவிவிட்டது. தட்டினேன். ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கியது நெருப்பு. என் முழங்கை வரைக்கும் ரோமம் பொசுங்கி நாற்றமெடுத்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போகிறவள். அன்றைக்கு லீவு.

"இன்னா பெரிம்மா, ஊட்டயே கொளுத்தப் பாத்தியா?"

"கொளுத்துனா உன்னாண்ட சொல்லிட்டுத்தான் கொளுத்துவேன், போடி."

"தெருவே பூடும், நீ சொல்லிகினு வேற இருப்பியா?" என்று ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன். அவள் அதோடு விடவில்லை. என் மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் அவன் போன்.

"ம்மா, ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துனு வர்றேன். துணிமணிய எடுத்து வையி."

"இன்னாத்துக்கு?"

"இங்க வந்துடு. போதும் நீ அங்க ஒண்டியா இருந்தது."

"அடுப்பு ரிப்பேருன்னா அடுப்ப மாத்துவாங்க. ஆள மாத்துறது எந்த ஊரு பழக்கம்டா?"

"சரி. ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன். நீயா ஒத்தக் கைல பத்தவச்சுக் காட்டு. பத்துனா இரு. பத்தலன்னா கெளம்பு."

"பத்தும். வந்து கொட்டிக்கினு போ," என்றேன்.

அவன் வீட்டைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது மாடி, லிப்ட் இருக்கிறது. மருமகள் தங்கமான பெண். நான் போனால் "உக்காருங்க அத்தே" என்பாள். தண்ணீர் குடிக்க எழுந்தால் "உக்காருங்க அத்தே, நான் எடுத்தாறேன்" என்பாள். கை கழுவ எழுந்தாலும் அதேதான். சாயங்காலத்துக்குள் இடுப்பு மரத்துப்போகும். இன்னொருவர் சமையல்கட்டில் என் கைக்கு வேலையில்லை. வேலையில்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சிய நாளெல்லாம் டிவி பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. என் வீட்டில் என் அடுப்பை நானே பற்றவைக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அடுப்பு சரியாகும் வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரிதான் காலையில் வேலைக்குக் கிளம்புமுன்னும், சாயங்காலம் திரும்பியதும் வந்து லைட்டரில் பற்றவைத்துக் கொடுத்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று டீ போட்டுக் கொடுத்தேன். அவள் மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குடித்துக்கொண்டே பேசுவாள். கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் கிடந்து விரல் வெளுத்துப்போவது, சூப்பர்வைசர் மூத்திரத்துக்குப் போனாலும் முறைப்பது, மாமியார் காது கேட்காத மாதிரி நடிப்பது. "அதுக்கு நல்லாக் கேக்கும் பெரிம்மா. கொழம்புல மீன் எத்தினி துண்டுன்னு அடுத்த ரூம்ல இருந்தே சொல்லும்." நான் உம் கொட்டுவேன். பற்றவைத்துக் கொடுத்ததற்கு டீ, கணக்கு சரி என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஊசியைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. சிலிண்டரை மூடி, செல்லை எடுத்துவிட்டு, பர்னருக்கு அடியில் இருக்கும் எவர்சில்வர் தட்டைத் தூக்கினால் ஊசியின் கால் தெரிகிறது. வெள்ளைப் பீங்கான் உடம்பு, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கம்பி வளையம், கீழே ஒரு ஒயர். வளையத்தை நெம்பினால் வந்துவிடுகிறது. மோசமாக இருந்த ஒன்றைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று அது வண்ணாரப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

நான் போன முதல் கடையில் புது அடுப்பைக் காட்டினார்கள். அடுத்த கடையில் ஊசியைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒரு சந்துக்குள், பழைய அடுப்புகளைப் பிரித்து வைத்து விற்கும் கடை. தெற்கத்திக்காரர். தலை நரைத்த மனிதர், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருப்பார்.

"வாங்க ஆச்சி, என்ன வேணும்?"

அவர்கள் ஊரில் ஆச்சி என்றால் பாட்டி. பேசாமல் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினேன். அவர் ஊசியை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன ஆச்சி, தேங்காண்ணெய் வாசம் அடிக்கி? இதுல தாளிச்சியளோ?"

"தாளிக்கல. பூசனேன்."

"எதுக்கு?"

"துரு புடிக்கக் கூடாதுன்னுதான். எண்ணெ பூசாத இரும்பு கடலோரத்துல நிக்குமா? நீங்க எந்த ஊரு?"

"திருச்செந்தூர் பக்கம். எங்க ஊர்லயும் கடல் இருக்கு ஆச்சி."

"அப்ப உங்க ஊட்ல பூசமாட்டாங்களா?"

"கதவுக் கொண்டிக்குப் பூசுவாவ. அடுப்பு ஊசிக்குப் பூசமாட்டாவ."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருவில் எண்ணெய்த் துணி இல்லாத வீடு கிடையாது. சனிக்கிழமை ஆனால் கீல், தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் ஒரு துடைப்பு. என் வீட்டுக்காரர் ஹார்பரில் லாஞ்சுப் படகுகளின் எஞ்சின் பார்த்தவர். வீட்டையும் லாஞ்சு மாதிரிதான் பார்த்தார். அவர் இருந்தவரை அந்தத் துணியை நான் தொட்டதில்லை. அவருக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தவறவிட்டதில்லை. புது அடுப்பின் ஊசி நுனியில் லேசாகப் பழுப்பு கண்டதும் அதற்கும் ஒரு துடைப்பு கொடுத்தேன். வாராவாரம் கொடுத்தேன். அந்த எண்ணெய் சூட்டில் கருகி, எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து வந்து படியும் சாம்பலையும் தூசியையும் பிடித்துக்கொண்டு பீங்கான்மேல் கரியாக ஒட்டியிருக்கிறது. கரண்ட் நுனிக்குப் போகாமல் கரி வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. நல்லது செய்கிறேன் என்று நானே அணைத்து வைத்திருக்கிறேன்.

"மத்த ரெண்டையும் உப்புத்தாள் வச்சுத் தேச்சாப் போதும். இது பீங்கான் வெடிச்சிருக்கு. வேறதான் போடணும்," என்றார்.

டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடினார். கம்பெனி வேறு, பீங்கான் பருமன் ஒன்றே என்று ஓர் ஊசி கிடைத்தது. நுனி கொஞ்சம் நீளம். குறட்டில் பிடித்து வளைத்தார்.

"நுனிக்கும் பர்னருக்கும் நடுவுல ஒரு அரிசி நிக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

"புழுங்கலா, பச்சையா?"

தலையை நிமிர்த்திப் பார்த்தார். "எரிஞ்சாச் சரி ஆச்சி. வீட்டுல ஆள் இருக்கா மாட்டுததுக்கு? இல்லன்னா அனுப்புதேன்."

"ஆள் கீது," என்றேன். ஆள் நான்தான்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வந்து டீக்குப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வேலைக்குப் போனாள். நான் உட்கார்ந்தேன். மற்ற இரண்டு ஊசியையும் உப்புத்தாளில் பீங்கான் வெளுக்கும்வரை தேய்த்தேன். புது ஊசியை ஒயரில் செருகித் துளையில் விட்டு, இடது மணிக்கட்டால் அதை அமுக்கிக்கொண்டு, வலது கையால் வளையத்தை மாட்டினேன். வளையம் தெறித்து அடுப்புக்கு அடியில் ஓடியது. ஈர்க்குச்சியால் இழுத்து எடுத்தேன். மறுபடி தெறித்தது. மறுபடி எடுத்தேன். வலி மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஏறியது. கொஞ்சநேரம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவள் வரும்வரை காத்திருந்தால் இரண்டு கையும் உள்ளவள், நொடியில் மாட்டிவிடுவாள். காத்திருக்கவில்லை. வளையத்தைப் பல்லில் கடித்துக் கொஞ்சம் விரித்து மாட்டினேன். உட்கார்ந்துகொண்டது.

பானையிலிருந்து ஓர் அரிசி எடுத்து நுனிக்கும் பர்னருக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். புழுங்கல்தான். சரியாக நின்றது. அதை எடுத்துவிட்டு, செல் போட்டு, சிலிண்டரைத் திறந்து, குமிழை அழுத்தித் திருகினேன்.

பற்றிக்கொண்டது.

அணைத்துவிட்டு மறுபடி பற்றவைத்தேன். பக்கத்துப் பர்னரும் எரிந்தது, அதற்கடுத்ததும். மூன்றையும் எரியவிட்டு நின்றேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. வாசலுக்கு வந்தேன். தெருவில் வெயில்தான் இருந்தது. கேஸ் வீணாகிறதே என்று உள்ளே போய் அணைத்தேன்.

சாயங்காலம் அவள் லைட்டரோடு வந்தாள். "தள்ளு பெரிம்மா."

"நீ தள்ளு," என்று ஒற்றைக் கையால் திருகினேன்.

"யம்மாடி! யாரு பண்ணாங்க?"

"யாரு பண்ணுவாங்க?"

"கில்லாடிதான் பெரிம்மா நீ!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். லைட்டரை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப நான் போறேன், அரிசி கூட ஊற வைக்கல இன்னும்." போய்விட்டாள். டீக்கு வைத்த தண்ணீர் அப்போதுதான் சூடாக ஆரம்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நான் வந்த கொஞ்ச நேரத்தில் மகன் வந்தான். வந்ததும் சமையல்கட்டுக்குத்தான் போனான். பற்றவைத்துக் காட்டினேன். மூன்று குமிழையும் அவனே ஒருமுறை திருகிப் பார்த்தான். காலா மீன் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். என் துணிமணிக்கென்று கொண்டுவந்த பெரிய பையை மடித்து எடுத்துக்கொண்டான்.

"ஜாக்கிரத," என்றான்.

"நீ வண்டிய ஜாக்கிரதயா ஓட்டு," என்றேன். தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரி கம்பெனி வேனுக்கு ஓடும்போது வாசலில் ஒரு நொடி நின்றாள்.

"எரியுதா பெரிம்மா?"

"எரியுது."

"சரி, சரி," என்று ஓடினாள். அடுத்த நாளும் அப்படித்தான். இப்போது சில நாள் கேட்கிறாள், சில நாள் கேட்பதில்லை. வேன் சீக்கிரம் வந்துவிடுகிறது. சாயங்காலம் அவள் திரும்பும் சத்தம் கேட்கும். கதவைத் திறப்பாள், மாமியாரைக் கத்திக் கூப்பிடுவாள், குழாயைத் திறப்பாள்.

நேற்றுச் சாயங்காலம் மழைத் தூறல். அவள் தலையில் பையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். நின்று கேட்டாள், "எரியுதா?"

உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளே வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வேலை இல்லாமல் ஒருத்தரை வீட்டுக்குள் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் அதிகமாகத்தான் நின்றாள்.

"எரியுது," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.