வாசலில் குறுக்கே கிடந்த கழி

செயலாளரம்மாவை நினைத்தால் அவர் வீட்டு வாசலில் குறுக்கே கிடந்த மூங்கில் கழிதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. ஜவ்வாது மலையில் அவர் ஊரில் அப்போது ஒரு வீட்டுக்கும் பூட்டு இல்லை. கழி கிடந்தால் உள்ளே ஆள் இல்லை என்று பொருள். யாரும் தாண்ட மாட்டார்கள். ஆலங்காயத்தில் என் வீட்டுக்கு மூன்று பூட்டு. பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன் நான்.

ஓய்வுபெற்றபின், அவர் செயலாளராக இருந்த புளி விற்பனைச் சங்கத்துக்குக் கணக்குப் பார்த்தேன். யார் எத்தனை மூட்டை போட்டார்கள் என்பதெல்லாம் சங்கத்து சர்வரில் இருந்தது. எடை போடுகிறவர்கள் கைபேசியிலேயே பதிந்துவிடுவார்கள். ஒருநாள் என் வீட்டுக் கணினியிலிருந்து அதன் நிர்வாகப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். திறந்துகொண்டது. அமைத்தவர்கள் முதல்நாள் வைத்துவிட்டுப் போன, உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல்லைத்தான் எல்லாரும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்தவன் எதையும் எடுக்கலாம், அழிக்கலாம். அடுத்த பேருந்தில் மலையேறி, ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்கும்படி செயலாளரம்மாவிடம் கேட்டேன்.

“இன்னா சார் நீங்க! ஆளுக்கொண்ணு வெச்சா மறந்துட்டு எங்கிட்டதான் வந்து நிப்பாங்க. நம்ம சனந்தானே உள்ள போவுது? ஒங்க வூட்டுப் பூட்ட இங்கயும் தூக்கினு வந்துட்டீங்களா?” என்று சிரித்தார்.

கழியின் பொருள் தெரிந்தவர்கள் மட்டுமே வாசலுக்கு வருவார்கள் என்று அவர் நம்பினார். தெரியாத ஒருவன் வந்தான். புளி வரத்து முடிகிற வாரத்தில் பதிவுகள் எல்லாம் அழிந்தன. நகலும் அதே சர்வரில்தான் இருந்தது, அதுவும் போயிற்று.

அவர் கலங்கவில்லை. “வாயால சொல்லட்டும் சார். எங்காளுங்க பொய் சொல்ல மாட்டாங்க” என்றார். ஒவ்வொருவராகச் சொன்னதை நான் கூட்டினேன். பிறகு கிடங்குக்குள் போய் எண்ணினேன். அதுவரை ஒரு மூட்டைகூட விற்றிருக்கவில்லை. ஆனால் சொன்ன கணக்கு இருந்ததைவிடப் பதினொரு மூட்டை அதிகம்.

“இன்னொரு வாட்டி எண்ணுங்க சார்.”

எண்ணினேன். பதினொன்றுதான். யாராவது மறந்து சொன்னார்களா, கூட்டிச் சொன்னார்களா, இன்றுவரை தெரியாது. பதிவுகளை அழித்த, முகம் தெரியாத அந்த ஆளை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. முற்றத்தில் நின்ற தன் சனத்தின் முகங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

சர்வருக்கு இப்போது ஆளுக்கொரு கடவுச்சொல். நான் கேட்டது அதுதான். போன வாரம் மலைக்குப் போனபோது அவர் வீட்டில் இல்லை. கழி அவரைக்கொடிப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. கதவில் புதுப் பூட்டு. பழக்கத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருந்தது.