நாலு சுற்றில் கழன்ற நட்டு

அக்கா என்னைப் பாராட்டுவது அபூர்வம். கிள்ளானில் அவள் வேலை செய்யும் கிளினிக்கின் வாசலில் கார் டயர் பங்சராகி, யாரையும் கூப்பிடாமல் தானே மாற்றிவிட்டு பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தவள் சொன்னாள்:

“புது ரிம் போட்டியே, நல்ல வேலதான்டா. முன்னெல்லாம் நட்டக் கழட்டறதுக்குள்ள வெரல் வலிச்சுப் போவும். இப்ப ஸ்பானர்ல லூஸ் பண்ணி விட்டா, நாலு சுத்துல கையில வந்துருது.”

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். போன் பேச வேண்டும் என்று பொய் சொல்லிக் கீழே ஓடினேன்.

அந்தச் சின்ன கார் எங்கள் இருவருக்கும் பொது. வாரநாட்களில் அவளுக்கு, சனி ஞாயிறு எனக்கு. ஆறு வாரத்துக்கு முன் அகலமான ரிம் வாங்கிப் போட்டிருந்தேன். உள்பக்கம் சஸ்பென்ஷனில் உரசியது. சக்கரத்தை வெளியே தள்ளி உட்கார வைக்க, சக்கரத்துக்கு ஒன்றாக எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினிய வட்டை அச்சுக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகினேன். ஸ்பேசர் என்பார்கள். பார்க்க அட்டகாசமாக இருந்தது. நூறு படம் எடுத்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைப்பவை சுண்டுவிரல் நீளமுள்ள மறையாணிகள், சக்கரத்துக்கு நாலு. அவற்றுக்கு ஸ்டட் என்று பெயர். நான் செருகிய எட்டு மில்லிமீட்டரை அந்த ஸ்டட்தான் தன் நீளத்திலிருந்து விட்டுக்கொடுத்திருந்தது.

கீழே போய் ஒரு நட்டைத் தளர்த்தி விரலால் எண்ணினேன். நாலு சுற்றுகூட முழுதாக இல்லை. பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டட்டை நட்டு குறைந்தது பன்னிரண்டு மில்லிமீட்டராவது கவ்வ வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் எட்டுச் சுற்று. இஞ்சினியரிங் முதல் வருடப் பாடம் அது. அதில் நான் நல்ல மார்க் வாங்கியவன்.

அப்போதே ஸ்பேசர்களை உருவிவிட்டுப் பழைய ரிம்களை மாட்டினேன். மேலே வந்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை.

“எத்தன நாளா?”

“ஆறு வாரம்.”

“அம்மாவ ஏத்திக்கிட்டு ரவாங் போனேனே?”

“அப்பவும்தான்.”

“சரி.”

மறுநாள் காலை கார் சாவி மேசைமேலேயே கிடந்தது. அவள் ரயிலுக்கு நடந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடி, “க்கா, பழைய ரிம்தான் இருக்கு, இப்ப ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

“ஒண்ணும் ஆகாதுன்னு நீதானே சொல்ற? அந்த நாலு சுத்து மாட்டினதும் நீதான்லா.”

அவள் ரயிலில் போன அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. ஸ்டட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வண்டியின் எடை ஸ்டட்டின்மேல் தொங்குகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பரைப் போல நீள்கிறது. நீள்வது ஒரு மயிரிழை அளவுதான். உடனே பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுவைதான் சக்கரத்தை அச்சோடு அழுத்திப் பிடிக்கிறது. கணக்குப் போட்டேன். சரியான அளவில் இறுக்கிய ஒரு ஸ்டட் ஏறத்தாழ நாலு டன் விசையில் அழுத்துகிறது. எங்கள் காரைப் போல நாலு காரின் எடை. தப்போ என்று மறுபடியும் போட்டேன், அதேதான் வந்தது. ஒரு காரில் இப்படிப் பதினாறு. பெடரல் நெடுஞ்சாலையில் போகும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் இத்தனை இழுவை சத்தமில்லாமல் நிற்கிறது என்று எண்ணியபோது, பஸ் நிறுத்தத்தில் நின்று வெறும் சக்கரங்களையே வேடிக்கை பார்த்தேன். நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது.

சனிக்கிழமை பழைய ஸ்டட் ஒன்றைத் தட்டிக் கழற்றி, நட்டோடு பையில் போட்டுக்கொண்டு கிள்ளானில் ஒரு போல்ட் நட்டுக் கடைக்குப் போனேன்.

“அண்ணே, இருக்கறதுலயே நீட்டு எது?”

கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எதுக்கு பாஸ், ரேஸுக்கா?”

“இல்ல, அக்கா கிளினிக் போறதுக்கு.”

“அக்கா பெரிய ஆளுதான் போல,” என்று ஒரு டப்பாவைத் தள்ளினார்.

இருப்பதிலேயே நீளமானதை எடுத்தேன். பழையதைவிட இருபது மில்லிமீட்டர் அதிகம். என் நட்டை மாட்டிச் சுற்றினேன். அழகாக ஏறி, சட்டென்று நின்றது. என் நட்டு தலைப்பக்கம் மூடிய வகை. ஸ்டட்டின் முனை உள்ளே கூரையில் முட்டிவிட்டது; வெளியே மிஞ்சிய நீளமோ ரிம்மும் ஸ்பேசரும் சேர்ந்த தடிமனைவிட அதிகம். காரில் இதே நடந்தால் கைக்கு இறுக்கமாகத் தெரியும், சக்கரமோ அழுந்தியிருக்காது. நாலு சுற்றைவிட இது மோசம். பழையதைவிடப் பத்து மில்லிமீட்டர் மட்டும் நீளமானதை எடுத்து அதோடு சேர்த்துப் பிடித்தேன். ஸ்டட்டின் கழுத்தில் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல்தான் சக்கரம் மாட்டும் அச்சுத் தட்டின் ஓட்டையைக் கடித்துக்கொண்டு சுழலாமல் நிற்கும். அந்த நீளத்தில் முதலில் எடுத்ததில் கழுத்து அரை மில்லிமீட்டர் ஒல்லி. அளவு ஒத்துப்போகும் பெட்டியைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

“கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவங்க கூட இவ்ளோ நேரம் எடுக்க மாட்டாங்க,” என்றார் அவர்.

கம்போங் மேடானில் நண்பனின் வொர்க்‌ஷாப்பில் பதினாறையும் பிரஸ் இயந்திரத்தில் அழுத்தி ஏற்றினோம். ஒவ்வொன்றும் ஓட்டையில் பல் பதித்து உட்காரும்போது மெல்லிய முனகல் கேட்டது. ஸ்பேசரையும் ரிம்மையும் மாட்டி, காரின் புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்கினேன். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி சோதித்தேன். எதுவும் அசையவில்லை.

ஞாயிறு மாலை அக்காவைக் கீழே கூப்பிட்டேன். ஒரு சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, ஒரு நட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். விரலால் மெதுவாக ஏற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் உதடு அசைந்தது. எட்டைத் தாண்டினாள். பத்தில் நின்றது.

“பத்து,” என்றேன்.

“நான் எண்ணிட்டேன். மிச்சம் பதினஞ்சு?”

“எல்லாமே அதே அளவுதான் க்கா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த நட்டைக் கழற்றினேன்.

பதினாறையும் எண்ணினாள். இடையில் பக்கத்து வீட்டு ஆன்டி வந்து, “என்னம்மா, கார் கெட்டுப் போச்சா?” என்று கேட்க, “இல்ல ஆன்டி, பரீட்ச நடக்குது,” என்றாள். கடைசி நட்டை டார்க் ஸ்பானரால் தானே இறுக்கினாள். ஸ்பானர் ‘டிக்’ என்றது. அந்தச் சின்னச் சத்தத்துக்குப் பின்னால் நாலு டன் இருப்பது அவளுக்குத் தெரியாது.

கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு அக்கா சாவியைக் கேட்டாள்.