கட்டிய பின் காற்று பார்த்த வீடு

வீராசாமி இறந்த செய்தி என்னைத் தேடி வரவில்லை. நானேதான் போன் போட்டு அதை வாங்கிக்கொண்டேன். பிரிக்பீல்ட்சில் இருக்கும் என் சேலைக் கடையின் ஏர்கோன் அன்று காலை பதினொரு மணிக்கு, பிரசவ வேதனையில் இருக்கும் யானையைப் போல ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. முப்பது வருடமாக அது இப்படி அடங்கும்போதெல்லாம் நான் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று. கிள்ளானுக்குப் போன் போடுவேன். வீராசாமி எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் திட்டத் தொடங்குவேன். அன்றும் தொடங்கினேன். மூன்று வாக்கியம் நிறைவாகத் திட்டி முடித்த பிறகுதான், கேட்டுக்கொண்டிருப்பது அவர் மனைவி தனலெட்சுமி என்று தெரிந்தது.

"அவரு காலையில போயிட்டாருண்ணே. குளிச்சிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாரு. அவ்வளவுதான்" என்றார் தனம்.

கடையில் அப்போது ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் பட்டுப் பார்த்துக்கொண்டு, வேர்த்துக்கொண்டு நின்றது. வீராசாமி போய்விட்டார் என்று பொதுவாகச் சொன்னேன். "யாரு, ஏர்கோன் வீராசாமியா?" என்று கேட்டபடி அவர்களில் நான்கு பேர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வேறொரு குடும்பம், வேறொரு ஊர், வந்ததோ சேலை வாங்க. ஒரு மனிதனின் புகழுக்கு இதைவிடச் சான்று வேண்டுமென்றால் நீங்கள் சாமியிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவர் கொடுத்த குளிரில் வாழ்ந்தவர்கள். கிள்ளான் முதல் ரவாங் வரை, சுங்கை பூலோ முதல் பெட்டாலிங் ஜெயா வரை, முடிவெட்டும் கடை, பல் வைத்தியர், கல்யாண மண்டபம் என்று அவர் ஏணி சாத்தாத சுவர் இல்லை. அவர் மட்டும் இல்லையென்றால், மாப்பிள்ளை முகத்துப் பவுடர் கரைந்து, பெண் வீட்டார் அசல் முகத்தைப் பார்த்து, நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிக் கல்யாணங்கள் நின்றுபோயிருக்கும் என்பது என் துணிபு.

குளிர் விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு வேதவாக்கியம்தான் உண்டு. "குளிரு ஓடிப்போற சாமான் பாஸ். கதவ சாத்துங்க." முப்பது வருடப் பழக்கத்திலும் நான் அவருக்கு பாஸ்தான். என் கடைக்கு முதன்முதலில் வந்த நாளிலேயே பின்பக்க ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார். அதோடு விடவில்லை. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவு விளிம்பு, சுவர் மூலை, விட்டம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தார். புகை எங்கே சாய்கிறதோ அங்கே குளிர் ஒழுகுகிறது என்று கணக்கு. வாடிக்கையாளர்கள் இவர் கதவுக்குப் பூஜை செய்கிறார் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் குளிர் ஊற்றிய இந்தச் சக்கரவர்த்தியால், சொந்த வீட்டில் மட்டும் ஏர்கோனைத் திறக்க முடியாது. தனத்துக்கு இழுப்பு. ஏர்கோன் காற்று பத்து நிமிடம் பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். திறக்காவிட்டால் கிள்ளான் வெயிலில் இரவெல்லாம் தூக்கம் கிடையாது. புகைமூட்டம் வரும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். மூச்சிழுக்கும் மருந்துப் பம்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே விடிய வைப்பார். வீராசாமி பக்கத்தில் விசிறியோடு இருப்பார். அறுபத்திரண்டு வயதில் கடையை மூடிய அன்று அவர் என்னிடம் சொன்னார்: "பாஸ், தனம் படுத்துத் தூங்குற மாதிரி ஒரு எடம் தேடணும். மெஷின் இல்லாத குளிரு. மலைக்குத்தான் போகணும்."

அதன் பிறகு நாங்கள் தேடினோம் பாருங்கள், வாஸ்கோடகாமா இந்தியாவைத் தேடியதெல்லாம் அதற்கு முன்னால் வாசலில் விழுந்த சாவியைத் தேடுவது மாதிரி. ஒவ்வொரு ஞாயிறும் ஏணி கட்டிய அவருடைய பழைய வேன் புறப்படும். சட்டைப் பையில் ஊசி போன்ற ஒரு வெப்பமானி. மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். எந்த இடத்துக்குப் போனாலும் மதியம் இரண்டு மணி வரை வாயைத் திறக்க மாட்டார். நில புரோக்கர் சொர்க்கத்தையே விரித்துக் காட்டுவான், இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "காலையில எல்லா எடமும் நல்ல புள்ள மாதிரிதான் இருக்கும் பாஸ். ரெண்டு மணிக்குத்தான் உண்மையப் பேசும்."

ரவாங் பக்கம் ஒருவன் மலை என்று காட்டிய மேடு, இரண்டு மணிக்கு முப்பத்து மூன்று டிகிரி பேசியது. கேமரன் மலை இருபதுதான் காட்டியது, எனக்குப் பல் தந்தியடித்தது. ஆனால் வீராசாமி உதட்டைப் பிதுக்கினார். நாலு மணி நேரப் பயணத்தில் தனம் நாற்பது தடவை திரும்பிப் போவோம் என்று சொல்லிவிடுவார் என்பது அவர் மதிப்பீடு. இன்னோர் இடத்தில் மலை உச்சியில் அடுக்குமாடி. மேகத்துக்குள் வந்து நின்று லிப்டுக்கு வரிசை பிடிக்கவா என்று கேட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

கடைசியில் சிக்கியது பெந்தோங்கிற்கு முன்னால், காராக் சாலையிலிருந்து பிரிந்து ஏறும் ஒரு சரிவு. இஞ்சி போட்டிருந்த ஒரு சீனப் பெரியவரின் நிலம். இரண்டு மணி ஆனது. வீராசாமி வெப்பமானியை நிழலில் பிடித்தார், வெயிலில் பிடித்தார், இஞ்சிச் செடிக்கு நடுவில் குனிந்து பிடித்தார். தன் இஞ்சிக்குக் காய்ச்சலா என்று பெரியவர் மலாயில் கேட்டார். இருபத்து மூன்று. உதறிவிட்டுத் திரும்பப் பிடித்தார். அதே இருபத்து மூன்று. பிறகு புல்லில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அந்தக் குறட்டையில் எதிர்மலையிலிருந்து இரண்டு குரங்குக் குடும்பங்கள் வீடு மாறின. அரை மணி கழித்து விழித்தார், சட்டைக் காலருக்குள் கையை விட்டுக் கழுத்தைத் தடவினார்.

"பாஸ், எனக்கு வேர்க்கல லா" என்றார்.

உடனே வாங்கிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடைமழை நாளில் குடை பிடித்து வந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். அங்கிருந்து பெந்தோங் கிளினிக்குக்கு மூன்று முறை வேனை ஓட்டி நேரம் பார்த்தார். இருபது நிமிடம். தனத்துக்கு மூச்சு முட்டினால் இருபது நிமிடம் தாங்கும் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெரியவரின் கையைக் குலுக்கினார்.

பிறகு கட்டினோம். கட்டினோம் என்றால், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆலோசனை வழங்கினேன். கடைசி வளைவில் லோரி ஏற மறுத்ததால் செங்கல்லெல்லாம் ஏணி வேனிலேயே மேலே போயிற்று. இரண்டு அறை, ஒரு கூடம், ஓர் அடுப்படி. ஆனால் தாஜ்மகாலுக்குக்கூட அவ்வளவு கவனம் எடுத்திருக்க மாட்டார்கள். கதவு விளிம்பெல்லாம் ரப்பர்ப் பட்டை. கூரைக்கு அடியில் ஒரு சாண் கனத்துக்குப் பஞ்சு. திறக்காத கண்ணாடி ஜன்னல்கள், சுற்றிலும் பசை. புதுமனை புகுவதற்கு முதல் நாள் கூடத்தின் நடுவில் நின்று ஊதுபத்தி கொளுத்தினார். புகை எங்கும் சாயவில்லை. போட்டோ எடுத்து மாட்டியது போல அப்படியே நின்றது.

"ஒரு நூல் அளவுகூட ஒழுகல பாஸ்" என்றார் பூரித்துப்போய். நான் கை தட்டினேன். இரண்டு கிழவர்கள் மலைச் சரிவில் நின்று, குளிர் வெளியே போகாமல் காத்துவிட்டோம் என்று கொண்டாடினோம். குளிர் வெளியேதான் இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை கிள்ளானிலிருந்து குருக்கள் வந்தார், மாடும் வந்தது. மாடு முதலில் காலடி வைத்தது. குருக்கள் கூடத்தில் ஹோமம் வளர்த்தார். தனம் அடுப்படியில் பாலை ஏற்றினார். யாரோ வாசல் கதவைத் திறந்து வைக்க, வீராசாமி நாற்பது வருடப் பழக்கத்தில் "கதவ சாத்துங்க" என்றார். சாத்தினார்கள். ஐந்து நிமிடத்தில் ஹோமப் புகையில் எனக்கு என் மூக்கு தெரியவில்லை. முதலில் வெளியேறியது மாடு. அடுத்தவர் குருக்கள், மந்திரத்தை விடாமல் ஓடினார். பிறகு நாங்கள் எல்லோரும், இருமிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டு. தனம் மட்டும் வரவில்லை. வீராசாமி திரும்ப உள்ளே ஓடி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தனத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது. பால் பொங்கவில்லை.

இருபது நிமிடப் பாதையைப் பதினான்கு நிமிடத்தில் ஓட்டினார். அந்தப் பதினான்கு நிமிடத்தைப் பற்றி மட்டும் என்னால் மிகைப்படுத்த முடியாது. கிளினிக்கில் மருந்துப் புகை வைத்து மூச்சு திரும்பியதும், முகமூடியை நகர்த்திவிட்டுத் தனம் சொன்னார்: "வீடு கட்டித் தரேன்னு பெட்டி கட்டி வச்சிருக்கீங்க. இனிமே அந்தப் பக்கம் என்னைக் கூப்பிடாதீங்க."

வெளியே வேனில் சாய்ந்து நின்று வீராசாமி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு, குளிரை உள்ளே பிடித்து வைப்பதே வேலையாகப் போனதில் மலைக்கு வந்தும் கை அதையே செய்துவிட்டதே என்றார். கை தட்டியவன் நான்.

வேறு ஆளாக இருந்தால் விற்றுவிட்டு வந்திருப்பான். அவர் உளியை எடுத்தார். ஒன்றரை வருடம், கட்டிய கையாலேயே அந்த வீட்டை வெட்டித் திறந்தார். கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுச் சாய்த்துத் திறக்கும் பட்டை ஜன்னல் வைத்தார். அடுப்படிக் கூரை முகட்டில் நீளமாகப் பிளந்து, மழை உள்ளே வராமல் அதன் மேல் ஒரு குட்டிக் கூரை போட்டார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் ஊதுபத்தி. மேலேயிருந்து எனக்குப் போன் வரும். "பாஸ், புகை ரூம்ப விட்டு வெளிய வந்திருச்சி." அடுத்த வாரம், "கூடத்துல சுத்திக்கிட்டே இருக்கு, வழி தெரியல." அதற்கடுத்த வாரம், "ஜன்னல் வரைக்கும் வந்து நின்னு யோசிக்குது பாஸ்." தேர்தல் முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. தனத்திடம் மட்டும் மூச்சு விடவில்லை. திரும்பவும் தப்பாகிவிட்டால் என்று பயம்.

கடைசிப் போன் ஒரு செவ்வாய்க்கிழமை. "போவுது பாஸ். நேரா போவுது. இந்த ஞாயித்துக்கிழம தனத்துக்கிட்ட கேக்கப் போறேன்." வியாழக்கிழமைதான் என் ஏர்கோன் அடங்கியது.

முப்பதாம் நாள் படையல் முடிந்த மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கும் மகன் வந்திருந்தார். மலை வீட்டுக்கு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார். தனம் தலையசைத்தார். பருத்தி கேட்டு வந்தவருக்குப் பட்டு விற்றனுப்பும் வாய் என்னுடையது. ஆனாலும் விற்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? அதனால் அவருடைய போன்களை மட்டும், ஒவ்வொன்றாக, வந்த வரிசையில் சொன்னேன். யோசித்த புகைக்கு வந்தபோது தனம் நிமிர்ந்தார்.

"புகை யோசிச்சிச்சாமா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வண்டி எடுங்கண்ணே. பாத்துட்டு அப்புறம் விக்கலாம்" என்றார்.

வழி முழுக்க மருந்துப் பம்ப் அவர் கைக்குள்ளேயே இருந்தது. போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அடுப்படித் தட்டில் ஊதுபத்திப் பொட்டலமும் தீப்பெட்டியும் வீராசாமி வைத்த இடத்திலேயே இருந்தன. தனம் ஒரு குச்சியைக் கொளுத்திக் கூடத்தின் நடுவில் போய் நின்றார். இந்தக் கையில் ஊதுபத்தி, அந்தக் கையில் பம்ப். நான் முன்னெச்சரிக்கையாக வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"கதவ சாத்துங்கண்ணே" என்றார் தனம், திரும்பிப் பார்க்காமல்.

சாத்தினேன். புகை எழுந்தது. ஒரு முழம் ஏறி, தலையை ஆட்டி, பிறகு அடுப்படிப் பக்கம் சாய்ந்து, முகட்டுப் பிளவை நோக்கி நூல் பிடித்தது போல ஏறி வெளியே போயிற்று. தனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். குச்சி முழுக்க எரிந்து சாம்பல் புறங்கையில் விழும் வரை நின்றார். நெஞ்சில் விசில் இல்லை. பம்பைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு தன் பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னச் சட்டியும் ஒரு பாக்கெட் பாலும் இருந்தன. கிள்ளானிலேயே எடுத்து வைத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. கணவனும் மனைவியும் ஒரே சாதி.

பால் பொங்கியது. மகனுக்குப் போன் போட்டு, விற்க வேண்டாம், சாயங்காலம் வரும்போது இரண்டு போர்வை எடுத்து வா என்றார். என்னிடம் ஒரு தம்ளர் பாலை நீட்டினார். "நீங்க இருட்டுறதுக்குள்ள எறங்கிருங்கண்ணே. நான் இன்னிக்கி இங்கதான் படுக்கிறேன்." சுவரில் ஓர் ஆணியில் வெப்பமானி தொங்கியது. இருபத்து மூன்று.

கிளம்பும்போது அந்த ஊதுபத்திப் பொட்டலத்தைத் தனம் என் கையில் திணித்தார். வீராசாமியிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். கடைக்கு வந்ததும் முதல் வேலையாக, முப்பது வருடத்துக்கு முன் அவர் அடைத்த பின்பக்க ஜன்னலின் பலகையைப் பெயர்த்தேன். தினமும் காலையில் ஒரு குச்சி கொளுத்திக் கடையின் நடுவில் நிற்கிறேன். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறார்கள். சேலைக்காரருக்கு வயதான காலத்தில் பக்தி வந்துவிட்டது என்று பிரிக்பீல்ட்சில் பேச்சு. நான் மறுப்பதில்லை. புகை பட்டு அலமாரியைத் தாண்டி ஜன்னல் வரைக்கும் போகிறது. அங்கே போய் இன்னும் கொஞ்சம் யோசிக்கிறது.