யாருக்கும் தோன்றக்கூடியது

விசாரணை அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தபோதுதான், சாட்சி சொல்ல வந்திருந்தவர் அந்தப் பித்தளைத் தகட்டை எனக்குக் காட்டினார். நாணயத்தைவிடச் சற்றே பெரியது. விரலால் தட்டினால், அதோடு இணைத்திருந்த சின்ன விளக்கு மினுங்கியது. அதிர்வை மின்சாரமாக்கும் இந்தத் தகடுகள் கடையில் கிடைப்பவைதான். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த அவர், கொழுந்தை உருட்டும் ரோலரில் அதைப் பொருத்தி, பேரிங் உடையும் முன்பே விளக்கு எரியும்படி செய்திருந்தார். அவர் பெயரில் காப்புரிமையும் கிடைத்திருந்தது. இயந்திரம் விற்கும் கம்பனி ஒன்று அதை ரத்துச் செய்யக் கேட்டது. தொழில் தெரிந்த எவருக்கும் தானாகத் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை எதற்கு என்பது அவர்களின் வாதம்.

நான் அந்த விசாரணையின் மொழிபெயர்ப்பாளர். நானும் அதே மலையகத்து ஹட்டன்காரி என்று தெரிந்ததும் உரிமையோடு பேச ஆரம்பித்துவிட்டார். "ரோலரே குலுங்குது தங்கச்சி, அதுல பேரிங் குலுங்குறத எப்படிப் பிரிக்கிறது? ரெண்டு வருசம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. கடைசில சைக்கிள் டியூப் ரப்பர வெட்டி தகட்டுக்கு அடியில வச்சப்பதான் சரியா வந்துச்சு." இதை உள்ளேயும் சொல்லுங்கள் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் யோசனை சொல்லக்கூடாது. சொல்லவில்லை.

உள்ளே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: இதைச் செய்வது உங்களுக்குக் கஷ்டமாக இருந்ததா? அவர் எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டார். தோட்டத்துத் துரைக்கு முன்னால் தொழிலாளி நிற்கிற நிற்பு.

"அதெல்லாம் ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க ஐயா. நம்ம ஆளுங்க யாரா இருந்தாலும் செஞ்சிருப்பாங்க."

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் கேட்டால் இப்படித்தான் பதில் சொல்வோம். ஆமாம், கஷ்டப்பட்டேன் என்றால் அது திமிர். அந்தப் பதிலில் பணிவைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருடைய சட்டத்தரணி எழுந்து விதவிதமாகக் கேட்டுப் பார்த்தார். பணிவு கூடியதே தவிரக் குறையவில்லை.

காப்புரிமை ரத்தானது. தீர்ப்பில் அந்தப் பதில் என் ஆங்கிலத்திலேயே மேற்கோளாக நிற்கிறது. பிழையில்லாத மொழிபெயர்ப்பு என்று பெருமைப்பட்ட காலமும் உண்டு. இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அன்று சாட்சியம் முடிந்து வெளியே வந்தவர், பெரிய பாரம் இறங்கியதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மரியாத குறையாமத்தானே பேசினேன், தங்கச்சி?"

"நல்லாப் பேசினீங்கண்ணே" என்றேன்.