கண்ணாலேயே எடை போடும் வெர்லின்

பன்றிக் கொட்டிலின் கம்பியில் தொந்தியைச் சாய்த்து நின்று, "அந்தக் காது மடிஞ்சது காலைலேர்ந்து தீனில வாய் வெக்கல. மாட்டு டாக்டரக் கூப்பிடணும்" என்கிறான் வெர்லின். என் செத்துப்போன புருஷனின் தம்பி. அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் பன்றியின் எடையை இவனைப்போல் கண்ணாலேயே சொல்ல ஆள் இல்லை. சர்ச் விருந்தில் பெண்களுக்கும் சொல்லிவிடுவான். அதனால் ஒருத்தியும் அவன் பக்கத்தில் உட்காருவதில்லை.

அவன் மனைவி லாரி ஓட்டுகிறாள். மாதத்தில் பாதி ரோட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு நான் போவேன். மகன் டால்ட்டன், வயது பதினாறு, பள்ளிக்கூட மல்யுத்தக்காரன். தன் போட்டிப் பிரிவின் எடையைத் தாண்டாமலிருக்கப் பட்டினி கிடப்பான். உடம்புத் தண்ணீர் குறையட்டும் என்று பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பான். எங்கள் ஊரில் அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர். "பயலுக்கு இரும்பு மனசு அண்ணி" என்று வெர்லினுக்கு ஒரே பெருமை.

போட்டிகள் முடிந்தன. பனி உருகி, சோளமும் விதைத்தாயிற்று. பையன் மட்டும் இன்னும் இறைச்சியை எறும்புக்கு வைப்பதுபோல் நறுக்கித் தட்டைச் சுற்றி ஊர்கோலம் விடுகிறான். வெயிலிலும் கம்பளிச் சட்டை. மாடி ஏறினால் தலைசுற்றல்.

"இன்னும் என்னடா போட்டி? தின்னு" என்றேன்.

"குண்டாயிட்டேன் பெரியம்மா." அவன் மணிக்கட்டு என் கரண்டிக் காம்பு கனம்தான் இருந்தது.

வெர்லின் சிரித்தான். "பாத்தீங்களா, சீசன் முடிஞ்சும் விடமாட்டேங்கிறான்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டா, பன்னி ஒரு வேளை திங்கலேன்னா டாக்டருக்குப் போன் போடுற. புள்ள மாசக்கணக்கா திங்கல, கை தட்டுறியே!"

வெர்லின் மகனைப் பார்த்தான். கொட்டிலில் பார்க்கும் அதே பார்வை. தோள், இடுப்பு, கால். சிரிப்பு அப்படியே வற்றியது.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்."

"எனக்கொண்ணும் இல்லப்பா."

"நோவு வந்த பன்னியும் ஒண்ணுமில்லாத மாதிரிதாண்டா நிக்கும்."

மறுநாள் நானும் போனேன். "இது பிடிவாதமில்ல, வியாதி. யார் குத்தமும் இல்ல. வேளாவேளைக்கு நீங்க கூடவே உக்காந்து சாப்பிட வைக்கணும், வாராவாரம் வரணும்" என்றார் டாக்டரம்மா. வெர்லின் நல்ல பிள்ளையாய்த் தலையாட்டிவிட்டு, "ஊசி ஒண்ணு போட்டா ஆகாதா?" என்றான்.

அப்புறம் எடை மெஷின். நர்ஸ் டால்ட்டனை எண் தெரியாதபடி திருப்பி, எங்களைப் பார்க்க நிறுத்தினாள். "நம்பர நீ பாக்கக்கூடாது தம்பி."

பையன் விடுவானா? அப்பன் முகத்தையே உற்றுப் பார்த்தான். எண்ணை அங்கே படித்துவிடலாம் என்று. வெர்லினின் கழுத்து தன்னால் மெஷின் பக்கம் நீண்டது. பாதியில் நின்றது. தொப்பியைக் கழற்றி, முகத்தை முழுக்க மூடிக்கொண்டான்.