தமிழரசி எண்ணிய சொட்டுகள்

நான் ஊர் திரும்பியபோது சிவராஜ் அண்ணனின் இடது காலில் மூன்று விரல்கள்தான் இருந்தன. அதை அவர் மறைக்கவும் இல்லை. படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் காலைத் தூக்கிக் காட்டினார்.

"ஆறு வருசம் ஊர் சுத்திட்டு முழுசா வந்திருக்கியே தங்கச்சி. நான் இங்கயே இருந்து ரெண்டு விரல தொலச்சிட்டேன்."

ரங்கூனில் பசுந்தாங் பகுதியில் நாங்கள் இரண்டாம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. அண்ணனுக்கு நாற்பத்து மூன்று வயது. பின்தெருவில் ஒரு பட்டறையில் பஸ் இருக்கைகளுக்கு ரெக்சின் உறை தைப்பது அவர் வேலை. கால்மிதி வைத்த கனமான இரும்பு இயந்திரம் அது. மீ போனால், அதாவது கரண்ட் போனால், அக்கம்பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் ஓய்ந்துவிடும். இவருடைய இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ரெக்சின் இரண்டு மடிப்பாக வரும் இடத்தில் ஊசியை இறக்க இடது குதிகாலால் ஓங்கி மிதிக்க வேண்டும். அந்த ஒரு மிதியில்தான் அவருடைய தொழில் இருந்தது.

அவருடைய மனைவி தமிழரசி அக்கா மருந்துக் கடையில் வேலை செய்தார். குழந்தைகள் இல்லை. வியாதியைப் பற்றி அவர்தான் எனக்கு விளக்கிச் சொன்னார். சுருட்டுக் குடிப்பவர்களுக்குக் கைகால் ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டு வருவது அது. பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. கிளினிக்கில் ஸயா, அதாவது டாக்டர், தவணை கொடுத்திருந்தார். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடியும்வரை ஒரு சுருட்டுகூடத் தொடக்கூடாது. அதற்குள் புண் ஆறவில்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான். அப்போது 2009 டிசம்பர்.

பதினாறு வயதிலிருந்து நாளைக்குப் பதினைந்து சுருட்டு. மூன்று முறை விட்டுப் பார்த்திருக்கிறார். மூன்றாவது முறை ஒன்பது நாள் தாங்கினார். கை நடுங்கி ஒரே காலையில் நான்கு ஊசியை உடைத்ததும் பட்டறைக்காரரே சுருட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

என் பெட்டியில் இரண்டு மின் சிகரெட்டுகள் இருந்தன. குவாங்சோவில் ஒரு பை ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தபோது அப்பாவுக்காக வாங்கியவை. அப்பா அவற்றைப் பேனா என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். தீ இல்லை, புகை இல்லை, ஆவி மட்டும்தான் என்று சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் ஒருமுறை இழுத்துவிட்டு நுனியில் எரியும் நீல விளக்கைப் பார்த்தார்.

"கரண்ட் சுருட்டு. நல்லா இருக்கு. நம்ம ஊர்ல கரண்டே இல்லையே, அதுக்கு என்னா செய்வ?"

டிவிக்கு வைத்திருந்த கார் பேட்டரியில் சார்ஜ் ஏற்றினோம். ஒரு வாரம் அவர் சுருட்டைத் தொடவில்லை. ஊசியும் உடையவில்லை. அடுத்த வாரம் கூட வந்த திரவக் குப்பிகள் தீர்ந்துபோயின. ரங்கூனில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. குவாங்சோவில் என்னுடன் வேலை பார்த்த பெண்ணுக்கு எழுதினேன். ஒரு மாலுமி மூலம் அவள் பெரிய பாட்டில் ஒன்று அனுப்பினாள். அது நிக்கோட்டின் மிகுந்த கெட்டித் திரவம், அப்படியே பயன்படுத்தக்கூடாது என்றும் எழுதியிருந்தாள். எப்படிக் கலப்பது என்று இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தேடி, அச்செடுத்து, தமிழரசி அக்காவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

அக்கா ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை கேட்டார். மறுநாள் கடையிலிருந்து கிளிசரின், ஊசி மருந்துக்கான தண்ணீர், சிரிஞ்ச், ரப்பர் கையுறை எல்லாம் வாங்கி வந்தார். மேசையில் செய்தித்தாள் விரித்துக்கொண்டார். முதல் கலவை தேன்போல் கெட்டியாகிவிட்டது. திரியில் ஏறாமல் கருகிய வாடை வந்தது. தண்ணீர் சேர்த்ததும் சரியானது. வாசனைக்காக அன்னாசி எசன்ஸ் ஊற்றினார். எண்ணெய்போல் மேலே மிதந்தது. எண்ணெய் நெஞ்சுக்குள் போகக்கூடாது என்று தாளில் இருந்ததால் அதைக் கொட்டிவிட்டோம்.

அண்ணனுக்குச் சுருட்டு வாசனைதான் வேண்டியிருந்தது. "சுருட்டுத் தூளுக்குப் புளியும் வெல்லமும் கரைச்சுத் தெளிப்பாங்க. அதப் போடு" என்றார். அக்கா வெல்லப்பாகில் இரண்டு துளி விட்டார். இரண்டு நாளில் உள்ளே இருந்த கம்பி அடுப்புக்கரிபோல் ஆகி ஒரு கருவி செத்தது. இனி இருப்பது ஒன்றுதான்.

"ஆசப்பட்டது கிடைச்சுதா?" என்றார் அக்கா. "இனிமே வாயத் தொறக்காம நான் குடுக்கிறத இழுக்கணும்."

"இருபது வருசமா அதத்தான் செய்றேன்."

ஜனவரி நடுவில் நூறு சொட்டுக் கெட்டித் திரவத்துக்கு நூறு சொட்டுக் கிளிசரின் என்று ஆரம்பித்தோம். வாரத்துக்குப் பத்துச் சொட்டு குறைக்க வேண்டும். குறைந்த இடத்தைக் கிளிசரின் நிரப்பும். எண்ணிக்கை அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்பது அக்காவின் ஏற்பாடு. தெரிந்தால் மனசு அதையே தேடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயத்திலிருந்து வரும் நேரத்துக்கு மேசையைத் தயாராக வைத்திருப்பார். கையுறையை மாட்டிக்கொண்டு உதடு அசைய எண்ணுவார். நடுவில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. எண்ணிக்கை தவறினால் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அத்தனை கவனமான வேலையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

கலந்து முடித்ததும் கையுறையைக் கழற்றி, தோலில் பட்டால் விஷம் என்று தாளில் படித்திருந்ததால், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கழுவிய கையோடு தகர டப்பாவைத் திறந்து வெற்றிலை எடுப்பார். சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, தேனில் ஊறிய புகையிலையை இரண்டு விரலால் கிள்ளிப் போட்டு மடிப்பார். குன்யா என்று சொல்வோமே, ஊரெல்லாம் மெல்லும் அந்த மடிப்புத்தான். அண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோகப் பத்து. தனக்கு ஒன்று. ஒருமுறை நானும் கேட்டேன். எனக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார்.

எழுபது சொட்டுக்கு இறங்கிய வாரம் அண்ணன் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்றார். பாவம், சுருட்டைத்தான் விட்டுவிட்டார், வெற்றிலையாவது போடட்டும் என்று அக்கா கூடுதலாக மடித்தார். நாற்பது சொட்டுக்கு வந்தபோது அதுவும் போதவில்லை. வீட்டில் இருக்கும் நேரத்தில் அண்ணன் ஜன்னலிலிருந்து கயிற்றை இறக்குவார். எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியிலும் அப்படி ஒரு கயிறு தொங்கும். முனையில் ஒரு கிளிப்பும் சின்ன மணியும் இருக்கும். கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் ஷம்சுதீன் பாய் பிளாஸ்டிக் பையைக் கிளிப்பில் மாட்டி மணியை ஆட்டுவார்.

"இழு சிவராஜ். மெதுவா இழு, கால்ல போட்டுக்காத."

"இன்னும் மூணு விரல் இருக்கு பாய், கவலப்படாத."

சொட்டுகளை அக்கா எண்ணினார். தேதி போட்டு நான் காலண்டரில் குறித்தேன். மடிப்புகளை யாரும் எண்ணவில்லை.

மார்ச் கடைசியில் பூஜ்ஜியம். அதன் பிறகு வெறும் கிளிசரினும் தண்ணீரும்தான். அண்ணனுக்குச் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல் இழுத்தார், நீல விளக்கு எரிந்தது, கை நடுங்கவில்லை, ஊசி உடையவில்லை. அக்கா என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "ரெண்டு வாரமாச்சு ஜாஸ்லின், ஒரு சொட்டு கிடையாது. அவருக்குத் தெரியவே இல்ல" என்றார். அவர் கண்கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். புண் மட்டும் ஆறவில்லை. கெட்ட ரத்தம் வெளியேற நாளாகும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். தண்ணீர்த் திருவிழாவில் அண்ணன் காலைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர்மேல் எல்லாம் தண்ணீர் ஊற்றினார்.

மே மாதம் மூன்றாவது விரல் கறுத்தது. கிளினிக் ஸயா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் போனோம். அறுவை சிகிச்சை பார்க்கும் ஸயாமா, அதாவது பெண் டாக்டர், ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். காலைப் பிடித்துப் பார்த்தார். சுருட்டு உண்டா என்று பர்மியில் கேட்டார்.

"ஜனவரியிலிருந்து இல்லை" என்றார் அக்கா. காலண்டர் தாள்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவற்றை மேசையில் விரித்து, நூறு, தொண்ணூறு, எண்பது என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். பூஜ்ஜியத்தில் விரலை நிறுத்தினார்.

ஸயாமா பொறுமையாகப் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "வாயைத் திற" என்றார்.

அண்ணன் திறந்தார். பல்லெல்லாம் சிவப்பு. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்த மடிப்பு அப்படியே இருந்தது.

"இதில் புகையிலை உண்டா?"

"உண்டு" என்றார் அண்ணன். "அது குன்யாதானே."

"நாளைக்கு எத்தனை?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். "முப்பது இருக்கும்" என்றார் அண்ணன்.

ஸயாமா திட்டவில்லை. புகையாகப் போனாலும் எச்சிலாகப் போனாலும் ரத்தத்துக்கு ஒன்றுதான் என்று மட்டும் சொன்னார். காலண்டர் தாள்களை அடுக்கி அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு அறுவைக்குத் தேதி எழுதினார்.

திரும்பி வர பஸ் ஏறினோம். பசுந்தாங் சந்தைக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணன் கேட்டார்.

"பூஜ்ஜியம்னு காட்டுனியே, அது என்னாது?"

"மார்ச்சுல இருந்து அதுல ஒண்ணும் கிடையாது" என்றார் அக்கா. "வெறும் கிளிசரின்."

"அப்ப ரெண்டு மாசமா நான் எத இழுத்துக்கிட்டு இருந்தேன்?" என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, எங்களுக்கு முன்னால் இருந்த இருக்கையின் உறையைத் தடவினார். "இது நான் தச்சது. பாரு, தையல் ஒரு எடத்துலயும் வுட்டுப்போகல."

ஜூன் மாதம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பட்டறை ஆட்கள் நாலு பேர் நாற்காலியோடு அவரை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். இயந்திரத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். வலது பாதத்திலும் நாடித் துடிப்பு பலவீனமாக இருப்பதாக ஸயாமா சொல்லி அனுப்பியிருந்தார். புகையிலை தொடர்ந்தால் அடுத்தது அதுதான்.

அக்கா தகர டப்பாவை ஷம்சுதீன் பாயிடமே கொடுத்துவிட்டார். புகையிலை இல்லாமல் வெற்றிலை மடித்துக் கொடுத்தார்; அண்ணன் துப்பினார். இரண்டாம் நாள் நடுக்கம் வந்தது. மூன்றாம் நாள் அவர் போட்ட கூச்சல் எங்கள் வீடுவரை கேட்டது. பிறகு அழுதார். நான்காம் நாள் கூச்சல் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்கவும் இல்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. மேலே போனபோது அக்கா மேசையில் செய்தித்தாள் விரித்துக் கையுறை மாட்டியிருந்தார். கெட்டித் திரவம் கால் பாட்டில் மிச்சம் இருந்தது.

"இது எதுக்கு அக்கா?" என்றேன்.

"குன்யாவ விடணும்னா கைக்கு ஏதாச்சும் வேணும்ல. மறுபடி நூறுல இருந்து ஆரம்பிச்சு இறக்கிரலாம். இந்தத் தடவ குன்யா இல்லாம."

அவர் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரிஞ்சைப் பிடித்து எண்ணத் தொடங்கினார். அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் வலது காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். அந்தப் பாதத்தின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.

கீழே மணி ஆடிய சத்தம் கேட்டது.

"சிவராஜ், இழு. மழையில நனையுது" என்றார் ஷம்சுதீன் பாய்.

அக்காவின் கை நின்றது. சிரிஞ்சின் முனையில் ஒரு சொட்டு விழாமல் தொங்கியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, கிளிப் கம்பியில் இடிக்காமல், மெதுவாகக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன சொன்னேன்?" என்றார் அக்கா.

எண்ணிக்கை தவறினால் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர் அவர். நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

"நாப்பத்தி மூணு."

"நாப்பத்தி நாலு" என்று அவர் அந்தச் சொட்டை விட்டார்.