சர்வர் அறைத் தூக்கம்

பள்ளியின் கம்ப்யூட்டர் சார் வாழ்க்கையில் சாதித்தது என்ன என்று கேட்டால், தூங்கியதைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் வீட்டில் நடக்காது. இரவெல்லாம் மின்விசிறியைப் பார்த்துப் புரள்வார். மறுநாள் மதியம் சர்வர் அறையில் நாற்காலியைச் சாய்த்த மாத்திரத்தில் கண் சொருகிவிடும்.

காரணம், அந்தப் பழைய சர்வர். ஆசிரியர்களின் கோப்புகளைக் காப்பதும், அவர்கள் அனுப்புவதை வரிசையாகப் பிரிண்டருக்குத் தள்ளுவதும் அதன் உத்தியோகம். பீரோ போல உடம்பு. ஓயாத ஒரே சுருதியில் ரீங்காரம். அந்த ரீங்காரத்துக்குள் சார் மெல்ல இறங்குவார். அறையில் தண்ணீர் ஏறும். கேபிள்கள் நீர்க்கொடிகளாய் அசையும். வினாத்தாள்கள் வெள்ளை மீன்களாகி அவர் காதோரம் நீந்திப்போகும். அலுவலக மொழியில் இதற்கு 'சர்வர் பராமரிப்பு' என்று பெயர். மீன்களைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

சர்வருக்கும் வயதாயிற்று. தேர்வு நெருங்கும் நேரத்தில் கணக்கு டீச்சரின் வினாத்தாளை விழுங்கிவிட்டு, யாரோ எப்போதோ எழுதிய விடுப்புக் கடிதத்தைத் துப்பியது. அதன் மென்பொருளைச் செய்த கம்பெனியோ எப்போதோ கைகழுவிவிட்டது. தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"லினக்ஸ்னு ஒரு மென்பொருள் இருக்கு மேடம். ஓப்பன் சோர்ஸ். யார் வேணா காசில்லாம எடுத்துப் போட்டுக்கலாம்."

"யார் செஞ்சது?"

"உலகம் பூரா பல பேர் சேர்ந்து செஞ்சது."

"அப்போ கெட்டுப்போனா யாரைத் திட்டுறது?"

"என்னைத் திட்டலாம் மேடம்."

"அப்ப சரி, போடுங்க."

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். "புதுப் பெட்டி வந்தா பழசைத் தூக்கிடுவாங்களே. அப்புறம் என் தூக்கம்?"

"மென்பொருள்தான் சும்மா குடுக்குறாங்கல்ல? கூடவே தூக்கமும் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க," என்று அவள் திரும்பிப் படுத்து உடனே தூங்கிப்போனாள். அதுதான் அவரை அதிகம் புண்படுத்தியது.

கடமை வென்றது. டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியொன்றில் லினக்ஸை ஏற்றினார். கோப்புகளை மாற்றினார். யார் எதைத் திறக்கலாம் என்று வரம்பு கட்டினார். பிரிண்டர்களை இணைத்தார். கணக்கு வினாத்தாள் பிசகாமல் வந்து விழுந்தது. ஆனால் பெட்டி வாயே திறக்கவில்லை. அந்த நிசப்தத்தில் சார் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

பொறுக்க முடியாமல், உள்ளே ஒரு கோப்புகூட இல்லாத பழைய சர்வரின் பொத்தானை அழுத்தினார். ரீங்காரம் எழவும், தலைமையாசிரியை உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"பழைய சாமான்காரர் வாசல்ல நிக்கிறார். இது ஏன் சார் இன்னும் ஓடுது?"

"உட்காருங்க மேடம், விளக்கமா சொல்றேன்."

சார் விளக்கினார். கோப்பின் பாதுகாப்பு, பாதுகாப்பின் பாதுகாப்பு என்று அவர் போய்க்கொண்டிருக்கையில், எதிரே தலைமையாசிரியையின் மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் நின்றது. மணி அடித்தபோதுதான் அம்மையார் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"சார், அந்த வெள்ளை மீனெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அந்தச் சாமான்காரரைப் போகச் சொல்லிடுங்க. பழசும் ஓடட்டும், ஒரு பாதுகாப்புக்கு. அப்புறம், இங்க இன்னொரு நாற்காலி போடுங்க. சாயறதா பார்த்து."